மருந்துப் பையும் கைப்பேசியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீடு வீடாகப் போய்வரும் தன்னார்வலர்களுக்கும், கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கும், வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கம் கல்வராயன் மலையேறி இறங்கும் சகோதரிகள் அத்தனை பேருக்கும் இந்த மடல்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது, கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. இன்று எந்தத் தெருவில் யாருக்குச் சர்க்கரை, எந்த வீட்டுப் பாட்டி ராத்திரி மாத்திரையை மறந்துவிடுவார், பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு மிச்சம் பிடிப்பவர் யார் என்பதெல்லாம் டாக்டரைவிட உங்களுக்குத்தான் அத்துப்படி. 2024இல் ஐ.நா.வின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்ததென்றால், அதில் பாதி உங்கள் செருப்புத் தேய்ந்த கணக்கு.

உங்கள் பதிவேட்டில் சர்க்கரைக்கு இடம் உண்டு, ரத்தக் கொதிப்புக்கு உண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் உண்டு. இந்த மடல் அந்தப் பதிவேட்டில் தனி வரி இல்லாத ஒரு நோயைப் பற்றியது. மருத்துவர்கள் அதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள், சுருக்கமாக எம்.எஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுவதுண்டு. அந்த நோயாளிகள் நல்ல பழக்கங்களைப் பிடித்துக்கொள்ள உங்கள் கைப்பேசி எப்படி உதவ முடியும் என்பதுதான் விஷயம்.

பெரும்பாலும் அது இப்படித் தொடங்கும். முப்பதை எட்டாத ஒரு பெண். ஒரு கண் திடீரென்று மங்கும், அசைத்தால் வலிக்கும். சில வாரங்களில் தானாகத் தெளிந்துவிடும். வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு ஒரு கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். அதுவும் கொஞ்சம் குறையும். பிறகு சிறுநீரை அடக்க முடியாது, கை நடுங்கும், காலையில் எழுந்ததுமே மூட்டை தூக்கியவர்போல அசதி. பார்க்கிறவர்கள் சிலர் பக்கவாதம் என்பார்கள், சிலர் நரம்புத் தளர்ச்சி என்பார்கள், சிலர் கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொல்வார்கள். மருமகளாக இருந்துவிட்டால் “வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள்” என்ற பட்டமும் சேரும். எம்.எஸ். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இந்த அசதி உண்டு. வெளியே தெரியாத அறிகுறி என்பதால்தான் அவர்கள் படும் அவமானமும் அதிகம்.

உள்ளே நடப்பது இதுதான். மின்கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல, நம் நரம்பு இழைகளுக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. நோய்க்கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி வழிதவறி மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் செய்தி தடுமாறுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1868இலேயே இதைத் தனி நோயாக விவரித்துவிட்டார். இது தொற்றாது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, ஆனால் தாக்குதல்களைக் குறைக்கவும் தள்ளிப்போடவும் ஊசிகளும் மாத்திரைகளும் வந்துவிட்டன.

உலகம் முழுவதும் ஏறக்குறைய 29 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக எம்.எஸ். சர்வதேசக் கூட்டமைப்பின் 2023ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. ஆண்களைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் பெண்கள். இந்தியாவில் குறைவுதான். மங்களூர் நகரத்தில் நடந்த ஓர் ஆய்வில் லட்சத்துக்கு எட்டுப் பேர் என்ற அளவில் கிடைத்தது. 2011 கணக்கெடுப்புப்படி இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்குள் 13.7 லட்சம் பேர். மங்களூர்க் கணக்கை இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒரு மனக்கணக்குக்கு வைத்துப் பார்த்தால் நூறு பேர் சுமாருக்கு வரும். ஒரு வட்டாரத்துக்குப் பத்துப் பேர் சுமாருக்கு. தனி கிளினிக் வைக்க முடியாத எண்ணிக்கை. ஆனால் கைப்பேசியில் பெயர் சேமித்து வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை.

பழக்கம் என்று எதைச் சொல்வது? முதலில் உடற்பயிற்சி. எம்.எஸ். வந்தவர்கள் உடம்பை அலட்டிக்கொள்ளவே கூடாது என்றுதான் மருத்துவர்களே நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். 1996இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த ஓர் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. 15 வாரம் முறையாகப் பயிற்சி செய்த நோயாளிகளின் உடல் வலுவும் மனநிலையும் தேறின. இப்போது அமெரிக்க எம்.எஸ். சங்கம் வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கையே சொல்கிறது, அவரவர் இயலுமான அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டாவது புகை. நோய் தெரிந்த பிறகும் புகைப்பவர்களுக்கு அடுத்த கட்டம் சீக்கிரம் வந்துவிடுகிறது என்று சுவீடனில் 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. பீடிக்கும் இதில் விலக்கு இல்லை.

மூன்றாவது வெயில். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கள்ளக்குறிச்சிச் சமவெளியின் சித்திரை, வைகாசி உங்களுக்குத் தெரியும்.

உறை போன நரம்பு சூட்டைத் தாங்காது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சிலருக்குக் கண் மங்கும், கால் துவளும். 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் இதைக் கவனித்து எழுதினார். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால், சந்தேகப்படும் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்த்த காலமும் இருந்தது. உடம்பு குளிர்ந்தால் அந்த மங்கலும் துவளலும் இறங்கிவிடும், நிரந்தரச் சேதம் இல்லை. ஆனால் நம் ஊரில் கால் இழுத்துக்கொண்டது என்றதும் செய்வது என்ன? வெந்நீர் ஒத்தடம், சூடான எண்ணெய், வேது பிடித்தல். பாசத்தோடு செய்கிற காரியம்தான். அந்தச் சூட்டில் அவர் இன்னும் துவண்டு போவார், வீட்டார் நோய் முற்றிவிட்டதென்று பயந்து போவார்கள். இந்த ஒரு தகவல் சரியான நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலே பாதிப் பயம் தீரும்.

நான்காவதை டாக்டரிடம் பெண்கள் சொல்ல மாட்டார்கள், உங்களிடம் சொல்வார்கள். சிறுநீர் அவசரமாக முட்டும், கழிப்பிடம் தூரம். மலைக் கிராமத்தில் இருட்டில் மேட்டில் ஏறிப் போக வேண்டியிருக்கும், காலும் ஒத்துழைக்காது. அதனால் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்று வந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் பழைய அறிகுறிகள் அத்தனையும் தலைதூக்கும். நோய் திரும்பத் தாக்கிவிட்டதென்று நினைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவார்கள். வேரோ ஒரு சொம்புத் தண்ணீரில் இருக்கும்.

ஐந்தாவது, மருந்தை நிறுத்தாமல் இருப்பது. எம்.எஸ். மருந்து பலவும் வருமுன் காக்கிற வகை. சாப்பிட்டவுடன் சுகம் தெரியாது, விட்டவுடன் துன்பமும் தெரியாது. அதனால்தான் விட்டுவிடத் தோன்றும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: டெரிஃப்ளுனோமைடு என்ற மாத்திரை எடுக்கும் பெண் கர்ப்பம் தரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆகாது. பிள்ளைப்பேறு வயதுப் பெண்கள்தான் இந்த நோயில் அதிகம். யார் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது என்பது முதலில் தெரிவது உங்களுக்குத்தான். அப்படிப்பட்டவர் அன்றே டாக்டரிடம் பேச வேண்டும்.

இதையெல்லாம் போனில் அனுப்பினால் மட்டும் மாறிவிடுவார்களா என்று நீங்கள் கேட்பது நியாயம். நம் மாநிலத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. சென்னையில் நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 537 ஆண்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தது. எல்லோருக்கும் உணவு, நடை பற்றி முதலில் அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாகக் குறுஞ்செய்திகள். செய்தி போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, செய்தி போனவர்களில் 18 சதவீதம். 2013இல் லான்செட் குழுமத்தின் நீரிழிவு இதழில் வெளியான ஆய்வு இது. சிட்னியில் இதய நோயாளிகள் 710 பேரிடம் ஆறு மாதம் வாரத்துக்கு நான்கு செய்தி என்று அனுப்பிப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது செய்தி போன பக்கம் புகைப்பவர்கள் 26 சதவீதம், போகாத பக்கம் 43.

இரண்டுமே எம்.எஸ். நோயாளிகளிடம் நடந்தவை அல்ல. ராமச்சந்திரன் குழு பார்த்தது வேலைக்குப் போகும் நடுவயது ஆண்களை, மலையில் மரவள்ளி பிடுங்கும் பெண்களை அல்ல. ஆனால் தினசரிப் பழக்கம் ஒன்றை யாராவது விடாமல் ஞாபகப்படுத்தினால் பிடிப்பு வரும் என்பதற்கு இவை போதுமான ஆதாரம்.

நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இரண்டு ஆய்வுகள். ஒன்று வென்றது, ஒன்று தோற்றது.

வென்றது கென்யாவில். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் 538 பேர். பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை ஒரே ஒரு கேள்வி போனில் வரும், எப்படி இருக்கிறீர்கள் என்று. அறிவுரை கிடையாது, மாத்திரை என்ற சொல்கூடக் கிடையாது. நலம் என்றோ சிக்கல் என்றோ 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். சிக்கல் என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும், ஒரு நர்ஸ் கூப்பிட்டுப் பேசுவார். 2010இல் வெளியான முடிவு: மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் செய்தி போனவர்களில் 62 சதவீதம், மற்றவர்களில் 50.

தோற்றது நம் பக்கத்திலேயே. தென்னிந்தியாவில் மூன்று சிகிச்சை மையங்களில் 631 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வாரா வாரம் கம்ப்யூட்டர் குரலில் ஒரு அழைப்பு, கூடவே ஒரு படச் செய்தி. இரண்டு ஆண்டு முடிவில் பலன் எதுவும் தெரியவில்லை. நாடு வேறு, நோயாளிகளின் நிலை வேறு, ஒரே காரணத்தை மட்டும் சுட்டிக்காட்டிவிட முடியாதுதான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கண்ணில் படுவது ஒன்றே: கென்யாவில் பதில் போட்டால் எடுத்துப் படிக்க ஒரு மனுஷி இருந்தாள். அந்த மனுஷியின் வேலைக்குக் கள்ளக்குறிச்சியில் பொருத்தமானவர்கள் நீங்கள். இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

செய்தியைக் குரலாகவே அனுப்புவது நல்லது. எம்.எஸ். கண்ணைத் தொடும் நோய், சின்ன எழுத்து தெரியாது. கையைத் தொடும் நோய், டைப் அடிக்க வராது. பாதிக்குப் பாதிப் பேருக்கு ஞாபகமும் கவனமும் தடுமாறும், நீளமாக எழுதினால் பாதியில் விட்டுவிடுவார்கள். படிக்கத் தெரியாத அம்மாவோ கணவரோதான் பார்த்துக்கொள்பவர் என்றால் எழுத்தே பயனில்லை. கர்ப்பிணிகளுக்கான மத்திய அரசின் கில்காரி திட்டம் வாராந்திரக் குரல் அழைப்பாகவே வடிவமைக்கப்பட்டதற்கும் இதுபோன்ற காரணம் உண்டு.

எஸ்.எம்.எஸ். அனுப்பத்தான் வேண்டும் என்றால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். ஆக, இவ்வளவுதான் சொல்ல முடியும்:

“காலை வெயில் ஏறுமுன் வேலையை முடிங்க. ஈரத்துணி கழுத்தில்.”

“ஒண்ணுக்குப் பயந்து தண்ணியைக் குறைக்காதீங்க. காய்ச்சல்னா சொல்லுங்க.”

குரலில் என்றால் வசதி அதிகம். “அக்கா, இந்த வாரம் கால் எப்படி இருக்கு? தேவலைன்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க. சிரமமா இருந்தா ரெண்டு குடுங்க, நான் கூப்பிடறேன்.” கைநடுக்கம் உள்ளவருக்கும் மிஸ்டு கால் கொடுக்க முடியும், பைசா செலவில்லை. காசநோய் மாத்திரை அட்டையில் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்து “இன்று சாப்பிட்டுவிட்டேன்” என்று தெரிவிக்கும் 99டாட்ஸ் முறை இந்தியாவில் ஏற்கெனவே நடந்து காட்டியது. மலைவாசி மலையாளிப் பழங்குடியினருக்கு அனுப்பும்போது அவர்களில் ஒருவரையே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் சுத்தத் தமிழை “கம்பெனிக்காரன் மெசேஜ்” என்று தள்ளிவிடுவார்கள். சேராப்பட்டுப் பேச்சில் சேராப்பட்டுக்காரி சொன்னால் காது கொடுப்பார்கள்.

சிக்னல்? கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த 2024 ஜூனுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் அப்போதுதான் பேச்சுக்கே வந்தன. செல்போன் கோபுரமும் அந்த வரிசையில் சேர வேண்டியதே. நாட்டில் தொடர்பு எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒதுக்கியது. அதன் பலன் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப் குரல் பதிவு, போன் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் தானாக இறங்கும். வீட்டில் யாராவது வாரச்சந்தைக்கு இறங்குகிற நாள் உங்களுக்குத் தெரியும். முந்தின நாள் இரவே அனுப்பிவைத்தால் சந்தையில் கேட்டுவிட்டு மேலே கொண்டுபோவார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தானே பயன்படுத்தும் போன் வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர். மீதிப் பேருக்குச் செய்தி போவது கணவரின் போனுக்கோ மாமியாரின் போனுக்கோதான். திருமணமாகாத பெண்ணாக இருந்தால் நோயின் பெயர் வெளியே தெரிவதே பெரும் பயம். ஆகவே செய்தியில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ வேண்டாம். வெயில், தண்ணீர், நடை, ஓய்வு என்று பொதுவாகவே பேசலாம், கேட்கிறவருக்குப் புரியும். யார் போனில் அனுப்பலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குரூப் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே போகட்டும்.

குரூப் என்றதும் இன்னொன்று. இதே போனில்தான் “நரம்பு நோய்க்குப் பதினைந்து நாளில் தீர்வு” என்ற ஃபார்வர்டுகளும் வருகின்றன. அதை நம்பி ஊசியை நிறுத்துபவர்கள் உண்டு. “இப்படி ஏதாவது வந்தா முதல்ல எனக்கு அனுப்புங்க” என்று சொல்லி வையுங்கள். அனுப்பினால் திட்டாதீர்கள். மருத்துவ அலுவலரிடம் காட்டிக் கேட்டுப் பதில் சொல்லுங்கள்.

செய்தியால் தீராதது எது என்பதிலும் தெளிவு வேண்டும். காய்ச்சல் இல்லாமல், புதிதாக ஒரு பலவீனமோ மரத்துப்போதலோ பார்வை மங்கலோ வந்து 24 மணி நேரம் தாண்டினால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். சில நாள் ஸ்டீராய்டு ஏற்ற வேண்டிவரும். “ரெண்டு மிஸ்டு கால்” வந்து இப்படி ஒரு விவரம் தெரிந்தால், அன்றே ஆரம்பச் சுகாதார நிலையம், அங்கிருந்து சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேவைப்பட்டால் அங்கிருந்து சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று அவர்கள் வழிசொல்வார்கள். இன்னும் நோயே கண்டறியப்படாதவர்களுக்கும் இதே வழிதான். முப்பது வயதுக்காரிக்கு ஒரு முறை கண், மறு முறை கால் என்று வந்து வந்து போவதாகக் கேள்விப்பட்டால், அந்தப் பழைய கதை முழுவதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு அந்தத் தாள் ஸ்கேன் அளவுக்கு உதவும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவச் சான்று கிடைத்தால் சலுகைகளுக்கு வழி திறக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதையும் ஒரு குரல் பதிவாக்கிவிடலாம். 1985இல் மும்பையில் தொடங்கிய இந்திய எம்.எஸ். சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. அதே நோயோடு வாழும் இன்னொருவரிடம் போனில் பேசக் கிடைப்பது, மலையில் தனியாக இருக்கும் ஒருவருக்குப் பெரிய துணை.

உங்கள் தலையில் ஏற்கெனவே வேலை அதிகம் என்பது தெரிந்தேதான் இவ்வளவும் கேட்கப்படுகிறது. ஆகவே உங்கள் மேலதிகாரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பதில் சொல்லும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும், ரீசார்ஜ் செலவைத் திட்டமே ஏற்க வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு வரும் மிஸ்டு காலுக்குக் காலையில் பதில் சொன்னால் போதும் என்று நோயாளிகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் வட்டார மருத்துவ அலுவலரிடம் இதை எடுத்துவையுங்கள். செய்திகளின் வாசகத்தை அவர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அனுப்பத் தொடங்குங்கள்.

கத்திரி வெயிலுக்கு முன்னால் தொடங்கினால் நல்லது. வட்டாரத்துக்கு இரண்டு பேர், ஐந்து குரல் பதிவு, வாரத்துக்கு ஒன்று, முதலில் பத்து வீடு. எந்தப் பதிவுக்கு மிஸ்டு கால் வந்தது, எதற்கு வரவில்லை என்று பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவாருங்கள். பதில் வராத பதிவைத் தூக்கிவிட்டு, அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, அவர்களிடமே கேட்டு வேறொன்று பேசிப் பதிவு செய்துகொள்ளலாம்.